மூன்று நாள் லீவில் வந்தவள்

1

திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை. இந்நேரம் நான் மலாய்க் கட்டுரை ஒன்றை உருப்போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பரீட்சை நெருங்கும்போதுதான் அலமாரியை ஒழுங்குபடுத்தத் தோன்றும், பழைய சண்டையெல்லாம் ஞாபகம் வரும், யாருக்காவது கடிதம் எழுதக் கை துறுதுறுக்கும். பிளஸ் டூ படித்தபோதும் இப்படித்தான் இருந்தேன். முப்பத்தொன்பது வயதாகியும் புத்தி அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

நான் மலேசியாவுக்கு வந்து இந்த வாரத்தோடு இருபது வருடம் ஆகிறது. அதற்கு ஒரு வருடம் முன்பு நம் ஊர்ப் பெண்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிளஸ் டூ அரைப் பரீட்சை முடிந்திருந்தது. என் வாப்பா தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ‘வீட்டில் விசேஷம் இருப்பதால் மகள் ரஹ்மத் நிஸாவுக்கு மூன்று நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ விசேஷம் என்னுடைய நிக்காஹ்தான் என்று எழுத அவருக்குக் கூச்சம். டீச்சர், என் அக்கா யாருக்கோ விசேஷம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் ஜாமெட்ரி பாக்ஸைக்கூட டெஸ்கிலேயே விட்டுவிட்டு வந்தேன். மூன்று நாள்தானே!

மூன்று நாள் போனது, மூன்று வாரமும் போனது. ஹால் டிக்கெட் தபாலில் வந்தது. ‘எறிஞ்சுடாதே, போட்டோ நல்லா விழுந்திருக்கு’ என்று உம்மா அதை எடுத்துச் சேலைக்கடியில் வைத்தார். அதோடு சரி. கணக்குப்படி பார்த்தால் நான் இன்னும் அந்த மூன்று நாள் லீவில்தான் இருக்கிறேன்.

2

இங்கே மம்பாவ் என்கிற ஊரில் எங்களுக்குச் சாப்பாட்டுக் கடை. என் வீட்டுக்காரர் காதர் மச்சானுக்குக் கடைதான் முதல் மனைவி. நான் இரண்டாவதுதான். அதில் எனக்குச் சண்டை இல்லை, மூத்தவள்தானே சோறு போடுகிறாள்.

என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. அது இருந்தால் இந்த நாட்டில் காலம் முழுக்கத் தங்கலாம், ஆனால் குடிமகள் ஆக முடியாது. அதற்கு நீல அட்டை வேண்டும். மனுப் போட வேண்டும், போட்டோவுக்குப் பின்னால் எந்த நிறம் என்று கேட்க வேண்டும், அந்த நிறம் போன மாதம் மாறிவிட்டது என்று கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும், கடைசியில் நேர்காணலுக்குப் போக வேண்டும். இதையெல்லாம் பொறுமையாகச் செய்தேன். நேர்காணல் அறையில் ஒரு சின்னப் பெண் அதிகாரி, முகம் முழுக்கச் சிரிப்பு. ‘பயப்படாதீங்க, உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க’ என்று மலாயில் கேட்டாள்.

எனக்குத் தெரிந்தது கடை மலாய். இருபது வருடமாக அதில்தான் பிழைப்பு. சாம்பார் ஊற்றவா, காரம் வேண்டுமா, மீன் தலை தீர்ந்துவிட்டது, அடுப்பை அணைத்தாச்சு. என்னைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கடையில் யாரும் கேட்டதில்லை. பழக்க தோஷம், வாயில் வந்தது இதுதான்:

“மாக்கான் சினி, புங்குஸ்?”

இங்கேயே சாப்பிடுகிறீர்களா, கட்டித் தரவா? அதற்கு அதுதான் அர்த்தம். அந்தப் பெண் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டேன் என்று பதிலும் சொன்னாள். பிறகு ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொன்னாள். நான் வாசித்ததைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. ‘கொஞ்சம் படிச்சிட்டு மறுபடி வாங்க, மக்சிக்’ என்று அன்பாகத்தான் அனுப்பினாள். மக்சிக் என்றால் சித்தி, அத்தை மாதிரி.

வெளியே மரத்தடியில் மனுப் பாரம் நிரப்பித் தரும் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

“எஸ்பிஎம் மலாய்ப் பேப்பர் ஒண்ணு மட்டும் எழுதிப் பாஸ் பண்ணிடுங்க லா, அக்கா. அப்புறம் நீங்க தைரியமா போயி உக்காரலாம்.”

‘லா’ என்பது இங்கத்துப் பேச்சுக்கு ஒரு வால், அர்த்தம் தேட வேண்டாம். எஸ்பிஎம் என்பது இங்கே பள்ளி முடிக்கும்போது எழுதும் அரசுப் பரீட்சை. நம் பிளஸ் டூ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு நீல அட்டை மறந்தே போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், அட்டை ஒரு சாக்குத்தான். ஒரே ஒரு பரீட்சையாவது உட்கார்ந்து எழுத வேண்டும். ஹால் டிக்கெட்டைச் சேலைக்கடியில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வாசலுக்குள் நுழைய வேண்டும். பைத்தியக்கார ஆசைதான், என்ன செய்வது.

வீட்டில் சொன்னேன். மச்சான் சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

“ஏளா, இந்த வயசுல ஒனக்குப் பரீட்சையா? யாரு கேட்டா?”

“நான்தான் கேட்டேன்.”

“சரி, எழுதிக்க. ஷிஃபானா போற பள்ளியிலேயே சேந்துக்க. ஒரே வண்டி, ரெண்டு பேருக்கும் ஆச்சு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் ஷிஃபானாவுக்குப் புரையேறியது.

3

ஷிஃபானாவுக்குப் பதினெட்டு வயது. போன வருடம் எஸ்பிஎம் எழுதினாள். எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க், சரித்திரத்தில் மட்டும் குப்புற விழுந்தாள். சரித்திரம் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. அதனால் மறுபடி எழுத ஒரு சிறிய தனியார் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் தலைமை ஆசிரியர் அதற்கும் ஒரு பாரத்தை நீட்டுவார்.

கோலா சாவா பக்கம், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு நடுவே, ஒரு காலத்தில் கிராணி குடியிருந்த வீடு. கிராணி என்றால் தோட்டக் கணக்கப்பிள்ளை. அந்த வீடுதான் பள்ளி. மொத்தம் இருபத்திரண்டு மாணவர்கள். கூடத்தில் மலாய், படுக்கையறையில் சரித்திரம், சமையல்கட்டில் கணக்கு. கணக்கு வகுப்பில் கை கழுவும் தொட்டி அப்படியே இருக்கிறது. தப்பாகப் போட்டவர்கள் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். மணிக்குப் பதிலாக வாசல் ரம்புத்தான் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. கெமாஸ் ரயில் சந்திப்பிலிருந்து வந்ததாம். காலையில் அதைத் தட்டியதும் எல்லாரும் வரிசையில் நிற்பதற்குப் பெயர் பெரட்டு. அந்தக் காலத்தில் தோட்டத்துச் சனங்களை விடியற்காலையில் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டதும் பெரட்டுத்தான்.

தலைமை ஆசிரியர் பெயர் சந்திரன். ஆசிரியரை இங்கே ‘சிக்கு’ என்பார்கள். முதல் நாள் ஷிஃபானா ‘சிக்கு வராரு’ என்றபோது என் கை தானாகத் தலைமுடிக்குப் போனது. சந்திரன் சிக்குவின் தாத்தா இதே தோட்டத்தில், அது ரப்பர்த் தோட்டமாக இருந்தபோது, பால் மரம் வெட்டியவர், அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். “எங்க தாத்தா இந்த வீட்டுப் படி ஏறுனதே இல்ல. நான் வாடகைக்கு எடுத்துட்டேன் பாருங்க” என்று புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்வார். சொல்லிவிட்டு உடனே ஒரு பாரத்தை நீட்டுவார். லீவுக்குப் பாரம், தலைவலிக்குப் பாரம், குடை தொலைந்தால் அதற்கும் பாரம்.

என் சேர்க்கைப் பாரத்தை ஷிஃபானாதான் நிரப்பினாள், எனக்கு மலாய் எழுத வராதே. நிரப்பி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமலே பேசினாள்.

“உம்மா, நீங்க வரதுன்னா வாங்க. ஆனா அங்க நீங்க எனக்கு உம்மா இல்ல.”

“பின்ன யாருடி நானு?”

“யாரோ ஒரு ஆண்டி. எனக்கு மாலு லா! எந்தப் பிள்ளையாச்சும் உம்மாகூட ஒரே கிளாஸ்ல உக்காருமா?”

மாலு என்றால் வெட்கம், மானக்கேடு எல்லாம் சேர்ந்த ஒன்று. நிபந்தனைகளை வரிசையாக அவிழ்த்தாள். தங்கம் என்று கூப்பிடக் கூடாது. முந்தானையால் முகம் துடைத்துவிடக் கூடாது. ஒரே சாப்பாடு கொண்டுவரக் கூடாது, கண்டுபிடித்துவிடுவார்கள். ஒன்றாக வந்து இறங்கக் கூடாது. யாருக்காவது தெரிந்தால் அன்றோடு பள்ளிக்கு முழுக்கு, சரித்திரமும் வேண்டாம் சான்றிதழும் வேண்டாம். நம் முறைப்படி எனக்கு என் வாப்பா பெயர், அவளுக்கு அவள் வாப்பா பெயர். ஆகவே பெயரை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள், கழுதை.

நெஞ்சு கனத்தது, பொய் சொல்ல மாட்டேன். பத்து மாதம் சுமந்தவள் யாரோ ஒரு ஆண்டி. ஆனாலும் எனக்குப் பரீட்சை வேண்டும். சரி என்றேன்.

4

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு சமையல். ஷிஃபானாவுக்கு நெய்ச்சோறு என்றால் எனக்குப் புளிச்சோறு. அவளுக்கு இடியப்பம் என்றால் எனக்கு ரொட்டி. இரண்டு பெட்டியையும் கட்டிக்கொண்டு அவள் மோட்டார் பைக்கில் பின்னால் உட்காருவேன். பள்ளிச் சீருடையான வெள்ளை பாஜு கூரோங், அதாவது முழங்கால் வரை தொங்கும் மேல்சட்டை, நீலப் பாவாடை, தலையில் ஹெல்மெட். பள்ளிக்கு அரை மைல் முன்னால் செம்பனைக் குலை நிறுக்கும் கொட்டகை இருக்கிறது. அங்கே என்னை இறக்கிவிட்டு அவள் பறந்துவிடுவாள். நான் புத்தகப்பையோடு நடக்க வேண்டும். கொட்டகைத் தொழிலாளிகள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் ‘சிக்குவா?’ என்று கேட்டார்கள். மாணவி என்றதும் ஒருவன் கையிலிருந்த கொக்கியையே கீழே போட்டுவிட்டான்.

நடந்து போய்ச் சேருவதற்குள் தண்டவாளம் தட்டிவிடும். வாசலில் தாமதமாக வருகிறவர்களின் பெயரை எழுத மாணவத் தலைவி நிற்பாள். மாணவத் தலைவி யார்? ஷிஃபானாதான்! என்னை நடுவழியில் இறக்கிவிட்டவளே நோட்டைத் திறந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “பெயர்?” என்று கேட்பாள்.

“ரஹ்மத் நிஸா.”

“ஏன் லேட்டு?”

“இறக்கிவிட்டவ அவசரத்துல போயிட்டா.”

“அந்தக் காரணம் செல்லாது. போய்ப் புல்லு புடுங்குங்க ஆண்டி.”

வாரத்துக்கு மூன்று நாள் புல் பிடுங்கினேன். அந்தப் பள்ளி வாசல் இன்று சுத்தமாக இருக்கிறதென்றால் அது நான் பெற்ற பிள்ளையின் உபயம்.

வகுப்பில் என் பக்கத்து இடம் தர்ஷனுக்கு. கோலா சாவாக்காரப் பையன், பத்தொன்பது வயது, மலாய்ப் பேப்பரை மூன்றாம் தடவையாக எழுதுகிறான். நல்ல பிள்ளை, வாய்தான் வாய்க்கால். எனக்கு எழுத்து எழுத்தாகச் சொல்லித் தருவான், நடுவில் ஊர்க்கதையும் அளப்பான்.

“ஆண்டி, அந்த ஷிஃபானா இருக்கே, சரியான சொம்போங் லா.”

சொம்போங் என்றால் தலைக்கனம்.

“அப்படியா? வளத்தவ சரியில்லையோ என்னமோ” என்றேன்.

“அவங்கம்மா ரொம்ப ஸ்ட்ரிக்டாம் ஆண்டி. அதான் இங்க வந்து அடங்காம ஆடுது.”

“ஐயோ பாவம்” என்றேன். யாருக்குப் பாவம் என்று சொல்லவில்லை.

ஒரு நாள் சிக்கு அலுவல் கடிதம் எழுதச் சொன்னார். விடுப்பு விண்ணப்பம். அதற்கு இங்கே கோடு கிழித்த மாதிரி ஒரு வடிவம் உண்டு. அனுப்புநர் இடப்பக்கம், பெறுநர் அதற்குக் கீழே, விஷயத்துக்கு அடியில் கோடு, பத்திகளுக்கு இரண்டு, மூன்று என்று எண். எல்லாரும் ‘காய்ச்சல் காரணமாக’ என்று எழுதினார்கள். நான் நம் ஊர்ப் பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு எழுதினேன். ‘தாங்கள் அளித்த மூன்று நாள் விடுப்பில் சென்ற நான், எதிர்பாராத விதமாக இருபத்தொரு வருடம் திரும்ப இயலவில்லை. விடுப்பை நீட்டித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் ஜாமெட்ரி பாக்ஸ் மூன்றாவது டெஸ்கில் உள்ளது.’ தர்ஷனிடம் சொல் கேட்டுக் கேட்டு எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

சிக்கு அதை இரண்டு தடவை படித்தார். இருபதுக்குப் பதினொன்று போட்டார். ஓரத்தில் சிவப்பு மையில், ‘வடிவம் சரி. காரணம் போதாது’ என்று எழுதினார்.

காரணம் போதாதுதான். நானும் அதைத்தான் இவ்வளவு காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

இடைவேளையில் ரம்புத்தான் மரத்தடியில் பிள்ளைகள் கூடுவார்கள். ஷிஃபானா அங்கே ராணி. வீட்டில் கேட்டதற்கு ‘ம்’ என்று மட்டும் பதில் சொல்கிற பெண், அங்கே பேசினால் இருபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். என் மகளுக்கு இவ்வளவு வாய் இருக்கிறது என்பதையே நான் ‘யாரோ ஒரு ஆண்டி’ ஆன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் யாரோ கேட்டார்கள், “உங்கம்மா மாதிரி செஞ்சு காட்டு லா!” நான் நாலடி தள்ளி உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தேன். ஷிஃபானா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தலைமுக்காட்டை என்னைப் போலவே காதுக்குப் பின்னால் செருகினாள்.

பசாரில் நான் மீன் வாங்குவதைச் செய்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீன்காரனை மேலும் கீழும் பார்ப்பது. விலை கேட்டதும் அல்லாவே என்று நெஞ்சில் கை வைப்பது. பிறகு பழைய பள்ளியில் அவள் வகுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டு அவளைப் பற்றிப் புகார் சொன்னபோது நான் நின்ற நிற்பு. இடுப்பில் கை, ஒரு புருவம் மேலே, ஆசிரியரிடம் தேன் போல ஒரு குரல்:

“வீட்டுல போயி பேசிக்கிறேன், சார்.”

அப்புறம் அப்படியே பிள்ளை பக்கம் திரும்பி ஒரு பார்வை. மரத்தடி அதிர்ந்தது. தர்ஷன் தரையில் உருண்டான். ‘ஆண்டி, பாத்தீங்களா, இப்படியும் ஒரு அம்மாவா!’ என்று என்னிடமே கேட்டான். நானும் சிரித்தேன். முதலில் நடித்துத்தான் சிரித்தேன், பிறகு நிஜமாகவே அடக்க முடியவில்லை. அச்சு அசல் நான்! புளிச்சோறு மூக்கில் ஏறிவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சிக்னலில் நின்றபோது அவள் திரும்பாமலே கேட்டாள்.

“கோவமா உம்மா?”

“என் புருவம் அவ்வளவு மேல போகாதுடி” என்றேன்.

எனக்குக் கோபம் இல்லை. இவ்வளவு உற்றுப் பார்த்து வைத்திருக்கிறாளே என்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஊரார் முன்னால் அந்த உம்மா நான்தான் என்று சொல்ல முடியவில்லையே என்பதில்தான் கொஞ்சம் வலி.

6

போன மாதம் ரிப்போர்ட் கார்டு நாள். எங்கள் பள்ளியில் அது ஒரு சடங்கு. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் சிக்கு. இன்னொன்றில் மாணவரின் ‘பெஞ்சாகா’, அதாவது பொறுப்பாளர். பிள்ளையின் குற்றங்களைச் சிக்கு சபையறிய வாசிப்பார். பெஞ்சாகா கேட்டு, கையெழுத்துப் போட்டு, கார்டையும் பரீட்சைச் சீட்டையும் வாங்கிப் போக வேண்டும். வயது எத்தனை என்றாலும் விதி ஒன்றுதான். பெஞ்சாகா வரவில்லையா, அன்றைக்குச் சீட்டு இல்லை. அன்றைக்குச் சீட்டு இல்லை என்றால் இந்த வருடம் பரீட்சையே இல்லை.

எனக்கும் ஷிஃபானாவுக்கும் பெஞ்சாகா காதர் மச்சான்தான். இதற்கும் அவள் ஒரு திட்டம் வைத்திருந்தாள். வாப்பா முதலில் வந்து அவள் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு வெளியே போய், சட்டையை மாற்றி, தொப்பி வைத்து, கண்ணாடி போட்டு, வேறு ஆளாக வந்து என் கார்டில் போட வேண்டும். மச்சான் ஒத்துக்கொண்டதுதான் அதிசயம். கோடு போட்ட சட்டை ஒன்றை முதல் நாளே இஸ்திரி போட்டு வைத்தார்.

காலை பத்து மணிக்குப் போன் வந்தது. கூடத்தின் ஓரத்தில் ஒதுங்கி எடுத்தேன்.

“ஏளா, ரந்தாவ்ல கல்யாண ஆர்டரு, பிரியாணி மாஸ்டர் வரலை. நான் அண்டாவுக்குள்ள நிக்கிறேன். எப்படி வருவேன்?”

“மச்சான், சீட்டு!”

“எப்பாடுபட்டாவது சமாளி. அண்டா கருகுது, வைக்கிறேன்.”

திரும்பிப் பார்த்தேன். மாணவர் பெஞ்சில் ஷிஃபானா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அவள் முகம் சுண்டிப்போனது.

முழுப் பாடம் எழுதுகிறவர்கள் முதலில், ஒற்றைப் பாடக்காரர்கள் கடைசியில். தர்ஷனின் அம்மா பேக்டரி உடையோடு வந்து அவன் காதைத் திருகியபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தார். அவனுக்கு இரண்டு பாடம். பிறகு சிக்கு கூப்பிட்டார்.

“ஷிஃபானா பிந்தி அப்துல் காதர். பெஞ்சாகா?”

யாரும் எழவில்லை. என் கால் எழுந்துவிட்டது, உண்மையாகவே எழுந்துவிட்டது. ஷிஃபானா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. தெரிந்தால் முழுக்கு என்று அவள் சொன்னது காதில் ஒலித்தது. நான் எழுந்தால் அவள் பள்ளியை விடுவாள். எழாவிட்டால் ஒரு வருடம் போகும். அல்லாவே, எது செய்தாலும் என் தலையில்தான் விடியும்!

சிக்கு அவள் கார்டைத் தனியே எடுத்து வைத்தார். “கடைசியில பாப்போம்” என்றார்.

அப்புறம் என் பெயர் வந்தது.

“ரஹ்மத் நிஸா பிந்தி ஷாகுல். பெஞ்சாகா?”

“அவருக்கு வேலை வந்துடுச்சு சிக்கு.”

“அப்படின்னா சீட்டுக் குடுக்க முடியாதே. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“பரவால்ல சிக்கு” என்றேன்.

அது எப்படி அவ்வளவு எளிதாக வாயில் வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். வாப்பா கடிதம் எழுதியபோதும் நான் பரவாயில்லை என்றுதான் சொன்னேன். ஹால் டிக்கெட்டை உம்மா சேலைக்கடியில் வைத்தபோதும் அதேதான். என்னுடையது போனால் போகட்டும், எல்லாரும் போன பிறகு சிக்குவின் காலில் விழுந்தாவது அவள் சீட்டை வாங்கிவிட வேண்டும் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டே உட்காரப் போனேன்.

“சிக்கு, இருங்க.”

ஷிஃபானா எழுந்திருந்தாள். நேராக நடுவில் நடந்து வந்தாள். பெஞ்சாகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ரஹ்மத் நிஸாவுக்கு நான் வந்திருக்கேன்.”

“நீ அவங்களுக்கு யாரு?”

“மக.” மறுபடியும் சத்தமாகச் சொன்னாள். “அவங்க என் உம்மா.”

பின்னால் தர்ஷனின் குரல் மட்டும் கேட்டது.

“அலாமாக்! ஆண்டிகிட்டயா நான் எல்லாத்தையும் சொன்னேன்?”

அவன் அம்மா அவனுடைய இன்னொரு காதையும் பிடித்தார். கூடம் சிரித்தது. ஷிஃபானாவின் காது சிவந்தது, ஆனால் எழுந்து ஓடவில்லை. சிக்கு மட்டும் அசையவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்மா. ரெண்டு பேரோட பாரமும் ஒரே கையெழுத்து, ஒரே முகவரி. கேட்டா சொல்லுவீங்கன்னு இருந்தேன். கேக்கறதுக்கு எங்கிட்டப் பாரம் இல்ல.”

பிறகு சடங்கைத் தொடங்கினார். நான் குற்றவாளி மாதிரி மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

“உங்க மாணவி வகுப்புல ரொம்பப் பேசறாங்க.”

“ம்” என்றாள் ஷிஃபானா.

“பதில் தெரியலன்னா பக்கத்துல எட்டிப் பாக்கறாங்க.”

“வீட்டுலயும் அப்படித்தான் சிக்கு. என் போன எட்டிப் பாப்பாங்க.”

“முப்பத்தோரு நாள் லேட்டு. யாரு இவங்கள வழியில எறக்கி விட்டுட்டுப் போறாங்கன்னு பெஞ்சாகாவுக்குத் தெரியுமா?”

ஷிஃபானா குனிந்துகொண்டாள். “தெரியும் சிக்கு. இனிமே நடக்காது.”

“மலாய்ல நாப்பத்தொம்போது மார்க்கு. முதல் மாசம் ஒம்போது. அதையும் சொல்லணும்ல.”

அவள் தலை நிமிர்ந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். மெதுவாகத் தலைமுக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகினாள், ஒரு புருவத்தைத் தூக்கினாள், சிக்குவிடம் தேன் ஒழுகச் சொன்னாள்:

“வீட்டுல போயி பேசிக்கிறேன், சார்.”

கூரைத் தகரம் அதிர்ந்தது. சிக்குவே வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்தேன், அழுதேன், எது எது என்று தெரியவில்லை. முகத்தைத் துடைக்க முந்தானையைத் தேடினேன், பாஜு கூரோங்கில் முந்தானை ஏது? ஷிஃபானா எழுந்து வந்து தன் முக்காட்டின் நுனியால் என் முகத்தைத் துடைத்தாள். அவ்வளவு பேர் முன்னால்! நிபந்தனை போட்டவளே துடைத்தாள்.

அப்புறம் இடம் மாற்றிக்கொண்டோம். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், அவள் பக்கத்தில் நின்றாள். சிக்கு அவள் கார்டை எடுத்து, “ஷிஃபானா பெஞ்சாகா, உங்க பிள்ளை மத்தவங்களப் பாத்து ரொம்பப் போலிசெய்யுது” என்று ஆரம்பித்தார். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

7

மறுநாளிலிருந்து மோட்டார் நிறுவைக் கொட்டகையில் நிற்பதில்லை. நேரே பள்ளி வாசல். கொக்கியைக் கீழே போட்டவன் கையாட்டுகிறான். தாமத நோட்டில் என் பெயர் இல்லை, வாசலில் புல் மறுபடி முளைக்கிறது. காலையில் ஒரே சமையல், இரண்டு பெட்டி. தர்ஷன் பத்து நாள் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு நெய்ச்சோறு அவனைத் திருப்பியது. மச்சான் அந்தக் கோடு போட்ட சட்டையை இன்னும் போடவில்லை, நான் தேறினால் போடுவாராம்.

கார்டைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதில் பெஞ்சாகா கையெழுத்துக்குக் கீழே ‘உறவு’ என்று ஒரு கட்டம். ‘மகள்’ என்று அவள் அழுத்தி எழுதியதில் பேனா தாளைக் கொஞ்சம் கிழித்துவிட்டது. ஒவ்வொரு தடவை பால் எடுக்கப் போகும்போதும் அதைப் படிக்கிறேன். என் வாப்பா பாசமில்லாதவர் இல்லை. அவர் போட்ட கையெழுத்தில் நான் பள்ளியை விட்டு வந்தேன். இவள் போட்ட கையெழுத்தில் திரும்பிப் போகிறேன்.

தேறுவேனா தெரியாது. நாற்பத்தொன்பது மார்க்கில் அதைச் சொல்ல முடியாது. ஆனால் சீட்டு என் பையில் இருக்கிறது. போட்டோ அவ்வளவு நன்றாக விழவில்லை, பரவாயில்லை.

உள்ளே இருந்து சத்தம் வருகிறது.

“உம்மா! யாருக்கு எழுதறீங்க? கட்டுரை மனப்பாடம் ஆச்சா இல்லியா? புத்தகத்த எடுத்துட்டு வாங்க லா, நான் கேக்கறேன்!”

என் பெஞ்சாகா கூப்பிடுகிறாள். லீவு முடிந்துவிட்டது.